அசைஞ்சவங்க விழாத படம்

அந்தாளு செத்துப் பல வருஷம் ஆயிடுச்சி. "செத்தவரப் பத்தி கன்னாபின்னான்னு பேசாதடி"ன்னு எங்கம்மா இன்னிக்கும் என் வாயப் பொத்துது. நான் பேசுவேன். உசுரோட இருந்தப்பவே மூஞ்சிக்கு நேரா பேசினவ நான், இப்ப இன்னா பயம்?

திருத்தணியில மலைக்குப் படியேறப் போற தெருவுலதான் அந்தாளு ஸ்டுடியோ. எப்பவும் வெள்ளச் சட்ட, தோள்ல ஒரு கருப்புத் துணி. பாஸ்போர்ட் சைஸ் எடுக்கறதுக்கெல்லாம் புது கேமரா வெச்சிருந்தாரு. மனசு மட்டும் ஒரு பழைய மரப்பெட்டி கேமராவுலதான் இருந்துச்சி. மூணு காலு வெச்ச பெட்டி, உள்ள கண்ணாடித் தகடு போட்டு எடுக்கறது. துணியத் தலைக்கு மேல போட்டுகினு குனிஞ்சாருன்னா ஊரே அந்தாளுக்காக நிக்கணும். "அசையாதே!"ன்னு ஒரு கத்து. ஆந்திராவுலேர்ந்து வந்த ஜனங்க புரியாம முழிச்சா, "கதலொத்து!"ன்னு தெலுங்குல இன்னொரு கத்து. ரெண்டு பாஷ தெரிஞ்சும் அந்தாளுக்கு அந்த ஒரு வார்த்ததான் வாயில வரும்.

எங்க நைனா மொட்ட போட்ட தலைக்கு சந்தனம் தடவறவரு. படிக்கட்டுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பலகை, சந்தனம் அரைக்கற கல்லு, ஒரு பித்தளக் கிண்ணம், அவ்ளோதான் கட. மொட்ட போட்ட கொழந்தைங்க வீல்னு கத்திகினு வரும். நைனா கையில சந்தனத்தக் கொழச்சி அந்தச் சின்னத் தலையில சுத்திச் சுத்தித் தடவுவாரு. குளுகுளுன்னு இருக்குமா, அழுக நின்னுடும். பக்கத்துல பூக்காரக்கா, அதுக்கு அந்தாண்ட தேங்காக்கடக்காரரு, அதுக்கும் அந்தாண்ட காவடி வாடகைக்கு விடறவரு. அந்தாளு இவங்க யாரையும் பேரு சொல்லிக் கூப்பிட்டதே கெடயாது. "ஏய் பூவு", "யோவ் தேங்கா". எங்க நைனாவ "சந்தனம்". காலம் பூரா ஒரே தெருவுல குப்பகொட்டிட்டு நைனா பேரு அந்தாளுக்குத் தெரியாது. ஒருவாட்டி நான் கேட்டே கேட்டுட்டேன். "பேரு படத்துல விழாதும்மா"ன்னு சொல்லிட்டு அவரே சிரிச்சிகினாரு. பெரிய ஜோக்கு.

பத்தாவது பரிட்சைக்கு போட்டோ வேணும்னு அம்மா என்ன அங்க இட்டுகினு போச்சி. ஸ்டூல்ல ஒக்கார வெச்சி என் தாடையப் புடிச்சி இப்படித் திருப்பறாரு, அப்படித் திருப்பறாரு. சந்தையில கத்திரிக்கா பொறுக்கறவங்ககூட அவ்ளோ திருப்ப மாட்டாங்க. நான் கண்ண சிமிட்டிட்டேன். "கண்ணு ஆட்டறதுக்கா குடுத்திருக்குது சாமி?"ன்னு ஒரு அதட்டு. ரெண்டாவது வாட்டி மூச்சு வுட்டனாம், தோளு ஏறிடுச்சாம். "மூச்செல்லாம் அப்புறமா வுட்டுக்கலாம்"ன்னாரு. அந்தப் போட்டோவப் பாத்தா பொணம் பரிட்ச எழுத வந்த மாதிரியே இருக்கும்.

படம் ரெடியாவற வரைக்கும் சுவத்தப் பாத்துகினு இருந்தேன். நாலஞ்சி பெரிய படம் மாட்டி வெச்சிருந்தாரு. வெள்ளக்காரன் காலத்து மெட்ராஸாம். ஊரு புதுசா மாறிகினு வந்த காலத்துல எவனோ இதே மாதிரி பெட்டியத் தெருவுல நட்டு எடுத்தது. அகலமான ரோடு, தூணு வெச்ச பெரிய பெரிய கட்டடம், ஓரமா மரம். ரோட்டுல ஒரு ஈ காக்கா கெடயாது. "அப்பல்லாம் மெட்ராஸ்ல ஜனமே இல்லியா சார்?"ன்னு கேட்டேன்.

அந்தாளு மூஞ்சியே மாறிப்போச்சி. ஒரு மனுஷங்கிட்ட அந்தாளு ஆசையா பேசி நான் பாத்தது அன்னிக்கு ஒரு நாளுதான்.

"யாரு சொன்னா இல்லன்னு? ஜேஜேன்னு ஜனம்மா! மார்க்கெட்டுக்குப் போறவன், தண்ணி தூக்கறவன், மாட்டுவண்டி, குதிரவண்டி, எல்லாம் இதுக்குள்ளதான் இருக்குது. அந்தக் காலத்துத் தகட்டுல வெளிச்சம் ஏற நேரம் புடிக்கும். அதுவரைக்கும் நின்னவன் விழுவான். அசைஞ்சவன் கரைஞ்சி போயிடுவான்."

இன்னொரு படத்துகிட்ட இட்டுகினு போனாரு. ட்ராம் வண்டிக்குத் தண்டவாளம் போட ரோட்டத் தோண்டி வெச்சிருக்குது. மண்ணு குமிஞ்சி இருக்குது. கூடைங்க இருக்குது. கடப்பாறைங்க சாத்தி இருக்குது. தோண்டின ஆளு ஒருத்தரு இல்ல. ஓரமா ஒரு மாடு, அதுக்கு ரெண்டு தல. படம் புடிக்கச்ச தலைய ஆட்டிடுச்சாம். செவுத்துல சாஞ்சி தூங்கற ஒருத்தன் மட்டும் மீச மயிரு தெரியற அளவுக்குப் பளிச்சின்னு விழுந்திருக்கான்.

"வேல செஞ்சவங்க யாருமே இல்ல, தூங்கினவரு மட்டும் இருக்காரே சார்"ன்னேன்.

"அதான் அழகு"ன்னாரு. "அந்த ஊர எப்படிப் பொரட்டிப் போட்டாங்க தெரியுமா? மதில இடிச்சாங்க, கால்வா வெட்டினாங்க, தெருத்தெருவா தோண்டினாங்க. எவ்ளோ சத்தம் இருந்திருக்கும், எவ்ளோ நாத்தம். இங்க பாரு, எவ்ளோ அமைதி. ஜனத்த எடுத்துட்டா எந்த ஊரும் கோயிலாட்டம் ஆயிடும்."

எனக்கு சுருக்குன்னுச்சி. தோண்டினவங்களும் எங்க நைனாவாட்டம் யாருக்கோ நைனாதான? வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட சொன்னேன். "படிச்சவங்க ஏதேதோ பேசுவாங்க, உனக்கின்னாடி"ன்னு அம்மா அடுப்படிக்குப் போயிடுச்சி.

ஒண்ணு ஒத்துக்கணும். கல்லு, படி, கோபுரம், மழைக்கப்புறம் பொய்கத் தண்ணி, இதெல்லாம் அந்தாளு எடுத்தா கைய வெச்சித் தொடலாம் போல இருக்கும். உசுரில்லாததுக்கு உசுரு குடுக்கத் தெரிஞ்ச மனுஷன். உசுரு இருக்கறதுங்கதான் அந்தாளுக்கு ஆவாது.

ஆடிக் கிருத்திகைக்கு எங்க ஊரு எப்படி இருக்கும்னு தெரியுமில்ல? மஞ்சத் துணியும் புஷ்பக் காவடியுமா அந்தாண்ட சித்தூரு, இந்தாண்ட வேலூருன்னு ஜனம் வந்து கொட்டும். அரோகரா சத்தத்துல காது அடைச்சிக்கும். அப்படி ஒரு கிருத்திகைக்கு நடுத்தெருவுல பெட்டிய நட்டுகினு நின்னாரு அந்தாளு. எதுர ஒரு அம்மா அருள் வந்து ஆடிகினு இருக்குது. அந்தம்மாவப் பாத்து "கதலொத்து!"ன்னு கத்துனாரு பாருங்க. சாமி ஏறினவங்களையே அசையாதேன்னு அதட்டின ஆளு ஒலகத்துல இவரு ஒருத்தராத்தான் இருப்பாரு. அந்தம்மாவோட வந்த ஆம்பளைங்க பெட்டியத் தூக்கி ஒடைக்க வந்துட்டாங்க. அந்தாளுக்கும் ரெண்டு விழுந்திருக்கும். நைனாதான் சந்தனக் கையோட குறுக்க பூந்து, தெலுங்குல கெஞ்சிக் கூத்தாடி, அந்தாள இழுத்துகினு வந்து பலகையில ஒக்கார வெச்சி சொம்புல தண்ணி குடுத்தாரு. அந்தாளு தண்ணிய மடக்கு மடக்குன்னு குடிச்சிட்டு இன்னா சொன்னாரு தெரியுமா?

"சட்டையில சந்தனம் ஆக்கிட்டியேய்யா."

நான் பக்கத்துலதான் நின்னுகினு இருந்தேன். நைனா சிரிச்சிகினே "தொவச்சா போயிடும் சார்"ன்னாரு. எங்க நைனா அப்படித்தான். யாரு வந்து ஒக்காந்தாலும் அவருக்கு அது ஒரு தலதான்.

நான் படிச்சி முடிச்சி வேலூருல ஹாஸ்டல்ல தங்கி வேலைக்குப் போய்கினு இருந்த சமயம். ஒரு லீவு நாளு ஊருக்கு வந்தப்ப நைனா சொன்னாரு, "பெட்டிக்காரரு நம்ம தெருவையே படம் எடுத்தாரும்மா. நாங்க எல்லாரும் அதுல இருக்கறோம்." அவ்ளோதான் சொன்னாரு. படத்த யாரும் பாக்கல. போயி கேட்டவங்களுக்கெல்லாம் "இன்னும் கழுவல, அப்புறம் வாங்க"ன்னு சொல்லி அனுப்பிச்சிட்டாராம். நாளாவட்டத்துல கேக்கறதையும் வுட்டுட்டாங்க.

அப்புறம் பல வருஷம் கழிச்சி தெருவ அகலம் பண்ற பேச்சு வந்துச்சி. வண்டிங்க வர வழியில்ல, ஓரத்துல இருக்கற கட எல்லாத்தையும் எடுக்கணும்னாங்க. எடுக்கக்கூடாதுன்னு நாங்க சொல்லல. கொஞ்சம் தள்ளி புதுசா ஒரு வரிச கட்டித் தர்றதாவும் சொன்னாங்க. ரொம்ப காலமா இருக்கறவங்களுக்கு மட்டும் அதுல எடம், நடுவுல வந்து துண்டு விரிச்சவங்களுக்குக் கெடயாது. ஞாயம்தான். ஆனா ரொம்ப காலமா இருக்கறோம்னு எப்படிக் காட்டறது? பலகைக்கு இன்னா பட்டாவா குடுப்பாங்க? மழ வந்தா தலைமேல தூக்கிகினு ஓடற கட அது. வாயால சொன்னத ஆபீசரு கேட்டுக்கல. "எல்லாருமேதான் பரம்பரையா இருக்கோம்னு சொல்றீங்க. நான் யார நம்பறது? கண்ணால பாக்கற மாதிரி எதுனா கொண்டாங்க"ன்னுட்டாரு.

அன்னிக்குப் பூக்காரக்காதான் கையத் தட்டிச்சி. "அடப் பாவிங்களா, பெட்டிக்காரரு நம்மள எடுத்தாரே! எந்தெந்த எடத்துல கட போட்டோமோ அங்கங்கயே கீறோமே அதுல! அதவிட இன்னா வேணும்?"

எல்லாருக்கும் உசுரு வந்துச்சி. நைனா நேரா ஸ்டுடியோவுக்குப் போயி கையக் கூப்பி நின்னாரு. அந்தாளு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம். "ஆபீசரு படத்தப் பாப்பாரா?" ஆங் பாப்பாருன்னதும், "அப்ப நானே எடுத்துகினு வரேன்"ன்னுட்டாரு. தங்கமான மனுஷன்னு அன்னிக்குத் தெரு பூரா பேச்சு.

நானும் லீவு போட்டுட்டு வந்தேன். நைனா வெள்ள வேட்டி கட்டி, கல்யாணத்துக்குப் போற மாதிரி கெளம்பியிருந்தாரு. ஆபீசு படியேறும்போது என் தோளப் புடிச்சிகினு பெருமையா சொல்லிகினு வராரு:

"அன்னிக்கு நாங்கல்லாம் தல சீவிகினு வரிசையா வந்து நின்னோம்மா. அவரு ஒத்துக்கல. 'நிக்காதீங்க, நிக்காதீங்க, அவங்கவங்க வேலையப் பாருங்க. நடங்க, வாங்க, போங்க, நான் இங்க இல்லன்னு நெனச்சிக்கங்க'ன்னாரு. ஒரு அதட்டு அதட்டல. நானும் ஒரு கொழந்த தலைக்கு சந்தனம் போட்டுகினே இருந்தேன்."

என் காலு படியிலயே நின்னுடுச்சி. காலமெல்லாம் அசையாதேன்னு ஊர மெரட்டின ஆளு, அன்னிக்கு ஒரு நாளு மட்டும் அசையச் சொல்லியிருக்காரு. எதுக்குன்னு அந்த எடத்துலயே எனக்குப் புரிஞ்சி போச்சி. நைனாகிட்ட சொல்ல வாயத் தொறக்கறதுக்குள்ள உள்ள கூப்பிட்டுட்டாங்க.

மேசமேல படத்த வெச்சி, சுத்தியிருந்த துணிய எடுத்தாரு அந்தாளு.

தெரு. எங்க தெரு. ஒவ்வொரு கல்லும் தெரியுது. படிக்கட்டு, வெளக்குக் கம்பம், மலைமேல கோபுரம், நடுவுல படுத்துத் தூங்கற ஒரு நாயி. ஜனம் ஒருத்தரு இல்ல. பூக்காரக்கா எடத்துல ஒரு கூட மட்டும். தேங்காக்கடக்காரரு எடத்துல ஒரு சாக்கு. எங்க நைனா எடத்துல சந்தனக் கல்லு பளிச்சின்னு இருக்குது. அதுக்கு மேல என்னமோ ஊதி வுட்ட மாதிரி ஒரு வெளுப்பு.

"அடேங்கப்பா!"ன்னாரு ஆபீசரு. "இவ்ளோ அழகா இருந்துச்சா இந்தத் தெரு? என்னா சுத்தம்! சார், இத்த நல்லா பெருசு பண்ணி, பக்தருங்க தங்கறதுக்குக் கட்டப்போற மண்டபத்துல வாசல்லயே மாட்டணும்." அந்தாளு மூஞ்சியப் பாக்கணுமே. சாமி பிரசாதம் வாங்கற மாதிரி தலையக் குனிஞ்சிகினாரு. அப்புறம் ஆபீசரு எங்களப் பாத்து, "இதுல நீங்க யாரும் இல்லியே?"ன்னாரு.

நைனா கண்ணாடியப் போட்டுகினு, கழட்டி, மறுபடியும் போட்டுகினு தேடறாரு. "நான் எங்கம்மா?"ன்னு என்னக் கேட்டாரு. நான் அந்த வெளுப்பத் தொட்டுக் காட்டினேன். "இது நீதான் நைனா."

"இதுவா? மூஞ்சி எங்க?"

அதுக்குமேல என்னால தாங்க முடியல. "சார், எல்லாரும் இதுக்குள்ள இருக்காங்க சார்"ன்னு ஆபீசருகிட்ட சொன்னேன். "இது அந்தக் காலத்துப் பெட்டி. மெதுவாத்தான் படம் புடிக்கும், அசையறவங்க விழ மாட்டாங்க. வேல செஞ்சிகினு இருந்ததால இவங்க விழல. இவரே எனக்கு வெளக்கிச் சொல்லியிருக்காரு, கேளுங்க."

ஆபீசரு நல்லவருதான். குத்தம் சொல்ல மாட்டேன். அந்தாளப் பாத்துத் திரும்பி, "இந்தப் பொண்ணு சொல்றது நெசமா சார்? நீங்க சொன்னா நான் எழுதிக்கறேன்"ன்னாரு. ஒரு வார்த்த. ஆமான்னு ஒரு வார்த்த. தெரு மொத்தமும் அந்தாளு வாயப் பாத்துகினு நிக்குது. நைனா ரெண்டு கையும் கூப்பிகினு நிக்கறாரு.

அந்தாளு எங்க யாரையும் பாக்கல. படத்தையே பாத்துகினு இருந்தாரு. ஆமான்னா அந்தக் காலித்தெரு பொய்யின்னு ஆயிடும். மண்டபத்துல மாட்டப்போறது ஒரு பொய்யின்னு ஆயிடும். அதான் அந்தாளுக்குக் கணக்கு. கண்ணாடியக் கழட்டித் தொடச்சிகினே சொன்னாரு:

"என் படத்துல இல்லாதத, இருந்துச்சின்னு நான் எப்படி சார் சொல்றது?"

அவ்ளோதான். முடிஞ்சிது. கீழ எறங்கினதும் பூக்காரக்கா மண்ண வாரித் தூத்துச்சி. நான் அந்தாளு எதுர போய் நின்னு, "நீ நல்லா இருப்பியா? எல்லாம் தெரிஞ்சிகினே எங்கள அழிச்சிட்டியே, நீயெல்லாம் ஒரு மனுஷனா?"ன்னு கேட்டேன். ஆமா, நீ வா போன்னுதான் கேட்டேன். "வழிய வுடும்மா, படத்துக் கண்ணாடி ஒடஞ்சிடப் போவுது"ன்னு சொல்லிட்டு அவன் பாட்டுக்குப் போனான்.

புது வரிசையில எங்களுக்கு எடம் இல்லன்னு ஆச்சி. பலகையும் போச்சி. நைனா கிண்ணத்தக் கையில ஏந்திகினு அலைஞ்சி அலைஞ்சி தடவிப் பாத்தாரு. வாச்மேனுங்க வெரட்டுவாங்க. எழுபது வயசுக்கு மேல ஒரு மனுஷன் சந்தனக் கிண்ணத்தோட ஓடறதப் பாத்தா உங்களுக்கு எப்படி இருக்கும்? மண்டபத்து வாசல்ல அந்தப் படத்தப் பெருசா மாட்டிட்டாங்க. வர்ற ஜனம் நின்னு பாத்துட்டு, "அந்தக் காலத்துல ஊரு எவ்ளோ சுத்தமா இருந்துது பாரு, இப்ப இந்தக் கடக்காரங்க வந்து நாறடிச்சிட்டாங்க"ன்னு பேசிகினு போவும். ஒரு நாளு அத்தக் கேட்டுட்டு வீட்டுக்கு வந்த நைனா மறுநாளு எழுந்திருக்கல. வாதம் அடிச்சி வலது பக்கம் மொத்தமா போயிடுச்சி. வாய் கோணிகிச்சி. சந்தனம் போட்ட கை மரக்கட்டையாட்டம் தொங்கிச்சி.

இதுக்கப்புறமும் அந்தாளு எங்க வீட்டுக்கு வந்தாரு. மன்னிப்புக் கேக்க வந்தாருன்னு நெனச்சிகினு அம்மா நாற்காலியத் தொடச்சிப் போட்டுச்சி. மன்னிப்பாவது ஒண்ணாவது. ஆட்டோவுலேர்ந்து பெட்டியும் மூணுகாலும் எறங்குது.

"மண்டபத்துல நம்ம படத்துக்குப் பக்கத்துல எடம் இருக்குது. பழைய ஆளு மூஞ்சி ஒண்ணு மாட்டினா எடுப்பா இருக்கும்னு ஆபீசரு சொன்னாரு. சந்தனம் மூஞ்சி நல்ல மூஞ்சி"ன்னாரு. கட்டில்ல செவுத்துல சாஞ்சிகினு இருந்த நைனாவ மேல கீழ பாத்தாரு. பாத்துட்டு, என் காது கேக்கவே சொன்னாரு: "இப்ப நல்லா விழுவாரு."

எனக்கு ரத்தம் மண்டைக்கு ஏறிடுச்சி. வெளக்கமாத்தத் தேடினேன். கையில கெடச்சிது. நைனா இடது கைய நீட்டி என் முந்தானையப் புடிச்சி இழுத்தாரு. "எ...டுக்கட்டும்"னாரு. எனக்கு நைனாமேலயும் வந்துச்சி பாருங்க ஒரு கோவம். இன்னும் எவ்ளோதான் இந்தாளுக்குக் குனிஞ்சி போவாரு இவருன்னு, வெளக்கமாத்தப் போட்டுட்டு மூலையில போய் நின்னேன்.

அந்தாளு ஜன்னலத் தொறந்து வெச்சாரு. துணிக்குள்ள தலைய வுட்டுப் பாத்தாரு. தகட்ட சொருவி, மூடியக் கழட்டினாரு. கடியாரம் பாக்க மாட்டாரு, முருகா முருகான்னு முணுமுணுத்துதான் நேரத்த எண்ணுவாரு. ரெண்டு முருகா ஆவறதுக்குள்ள நைனா தலைய ஆட்ட ஆரம்பிச்சிட்டாரு. இந்தாண்டையிலேர்ந்து அந்தாண்ட, அந்தாண்டையிலேர்ந்து இந்தாண்ட, மெதுவா, நிறுத்தாம.

"யோவ் சந்தனம், அசையாத!"

நைனா நிறுத்தல. அந்தாளு மூடிய மூடிட்டு, வேற தகடு மாத்தி, மறுபடியும் தொறந்தாரு. மறுபடியும் நைனா ஆட்டறாரு. "அசையாதய்யா! கதலொத்து! தகடு வீணாவுது!"ன்னு அந்தாளு கத்தறாரு. நைனா அந்தாள நேருக்கு நேரா பாத்துகினே, அரை ஒடம்பு செத்த மனுஷன், கழுத்து நரம்பு பொடைக்க ஆட்டறாரு. கொண்டாந்த தகடு எல்லாம் தீந்துச்சி.

அந்தாளு என் பக்கம் திரும்பி, "தல நடுக்கமாம்மா? மருந்து குடுக்கறீங்களா?"ன்னு கேட்டாரு.

"நடுக்கமெல்லாம் இல்ல சார். அவருக்கு உங்க படத்துல இருக்க இஷ்டமில்ல"ன்னேன்.

அந்தாளு வீணாப்போன தகடுங்கள ஒவ்வொண்ணா துணியில சுத்திகினு பெட்டிய மடக்கினாரு. எனக்கு எரக்கம் வரல. இன்னிக்கு வரைக்கும் வரல.

ஆட்டோ கெளம்பற சத்தம் கேட்ட பெறவுதான் நைனா தலைய நிறுத்தினாரு. வேர்த்து ஊத்திடுச்சி. துண்டால தொடச்சி வுட்டேன்.

"வி...ழுந்தனா?"ன்னு கேட்டாரு.

"இல்ல நைனா. துளிகூட விழல."

"ஆங்"ன்னாரு. அப்புறம் கஞ்சி கேட்டாரு. ரொம்ப நாளைக்கப்புறம் வயிறு ரொம்பக் குடிச்சாரு.

அந்தக் காலித்தெரு இன்னும் மண்டபத்துலதான் தொங்குது. பக்கத்துல நைனா மூஞ்சிக்குன்னு ஒரு ஆணி அடிச்சி வெச்சாங்க. அது வெறும் ஆணியாவே இருக்குது.